ஹான்ட் பிறேக் இழுத்துக் காரைச் சுழற்றினால் முதலில் தேய்வது எது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2012ஆம் ஆண்டுச் சுசுக்கி சுவிஃப்ற், மனுவல் கியர். நண்பர்களோடு வெறும் காணி ஒன்றில் இரண்டு மூன்று பின்னேரங்கள் ஹான்ட் பிறேக்கை இழுத்துக் காரைச் சுழற்றிப் பார்த்திருக்கிறார். காணியில் பாதி மண், பாதி பழைய தார். இப்போது வேகம் அறுபதைத் தொட்டால் பின்பக்கம் ஒரு சத்தம். "கேபிள் போய்விட்டதா? கேபிளை மாற்றினால் சரியாகுமா? இதனால் வேறு என்னென்ன பழுதாகும்? சுழற்றும்போது கிளச்சை மிதிக்க வேண்டுமா?" இவைதான் அவருடைய கேள்விகள். கார் அப்பாவினுடையது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

தம்பி, கேபிளை இப்போதைக்கு விடுங்கள். முதலில் பின் ரயர் இரண்டையும் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் கராஜில் நிற்கிறேன். இந்த விளையாட்டு விளையாடிவிட்டு வந்த கார்களில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கேபிளை. ஆனால் பெரும்பாலும் முதலில் அடிபட்டிருப்பது ரயர்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

உங்களுடைய காரை இழுப்பது முன் சில்லுகள். எஞ்சின், கியர் பொக்ஸ் எல்லாம் முன்னுக்கு இருப்பதால் காரின் பாரத்திலும் நூற்றுக்கு அறுபது வீதத்துக்கு மேல் முன்னுக்குத்தான். ஓடும்போது வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சப் பாரம் முன்னால் சாய்ந்துவிடும். பின்பக்கம் பஞ்சு மாதிரி லேசாகி நிற்கும். அந்த நேரத்தில் ஹான்ட் பிறேக்கை இழுத்தால், அது பின் சில்லுகளை மட்டும் பிடிப்பதால், இரண்டும் சட்டென்று இறுகிவிடும். உருளுகிற ரயர் பக்கவாட்டில் வழுக்காமல் காரைப் பிடித்து வைத்திருக்கும். இறுகிய ரயருக்கு அந்தப் பிடி கிடையாது. எந்தத் திசையில் தள்ளினாலும் அந்தத் திசையில் வழுக்கும். முன் சில்லு திரும்பியிருக்க, பின்பக்கம் வெளியே வீசப்படும். நீங்கள் ட்ரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான்.

பின் சில்லு இழுக்கிற காரில் செய்யும் ட்ரிஃப்ட் வேறு. அங்கே எஞ்சினின் பலம் பின் சில்லைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ரயரின் முழுச் சுற்றும் சமமாகத் தேயும். நம் ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் பின் சில்லு இழுக்கிற கார்கள்தான். இன்று யாழ்ப்பாண ரோட்டில் ஓடும் விற்ஸ், சுவிஃப்ற், அல்ரோ, வகன் ஆர், அக்குவா போன்ற சின்னக் கார்கள் அநேகமாக எல்லாமே முன் சில்லு இழுப்பவை. இவற்றில் வழுக்குகிற நேரம் முழுக்கப் பின் ரயரின் ஒரே ஓர் இடம் நிலத்தில் உரசும். பழுதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 165/80/14 ரயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீற்றர். நிலத்தில் படும் பகுதியின் நீளம் ஒரு சாணைவிடக் குறைவு. அதாவது முழுச் சுற்றில் பதினைந்தில் ஒரு பங்கு அளவு. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஹான்ட் பிறேக்கை இழுத்து ஒன்றரைச் செக்கன் பிடித்தால், கார் பத்துப் பதினைந்து மீற்றர் வழுக்கும். அவ்வளவு தூரமும் அந்தச் சாண் ரப்பர் மட்டும் தாரில் உரசுகிறது. மாங்காயை ஸ்கிறேப்பரில் ஒரே பக்கமாகத் தேய்ப்பது போல. புது ரயரின் பூவே, அதாவது நிலத்தில் படும் ரப்பரில் வெட்டியிருக்கும் வரிகளே, ஏழெட்டு மில்லிமீற்றர் ஆழம்தான்.

இப்படி ஓர் இடம் தேய்ந்து தட்டையாகிவிட்டால் அந்தத் தட்டைக்கு வைத்தியம் இல்லை. ஈயம் வைத்துப் பலன்ஸ் பண்ணினால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பலன்ஸ் என்பது பாரத்தைச் சரிசெய்வது. இங்கே கெட்டிருப்பது உருவம். இன்னொன்று, ஒருமுறை தட்டை விழுந்த ரயர் அடுத்த முறை இறுகும்போதும் அநேகமாக அதே தட்டையில்தான் வந்து நிற்கும். அப்படியே அந்த இடம் இன்னும் இன்னும் ஆழமாகும்.

உங்கள் சத்தத்துக்கு வருகிறேன். மணிக்கு 60 கிலோமீற்றரில் அந்தச் சில்லு ஒரு செக்கனுக்கு எட்டுத் தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தட்டை ஒரு தடவை நிலத்தைத் தட்டும். கேட்பதற்குத் தூரத்தில் ஹெலி போவது போல "டுக்கு டுக்கு டுக்கு" என்று இருக்கும், வேகம் கூடக்கூட அடுக்காகும். நீங்கள் கேட்டது அந்த மாதிரிச் சத்தம் என்றால் அது ரயர். "ஊ..." என்று இடைவிடாமல் இரைந்தால், சில்லைச் சுழலவிடும் பெயாரிங். இதை வீட்டிலேயே உறுதிப்படுத்தலாம். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கில் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்ராண்ட் வைத்து, ஹான்ட் பிறேக்கை விட்டுவிட்டுச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளங்கையை ரயரில் விரித்து வையுங்கள். கண்ணுக்குப் படாத பள்ளமும் கைக்குப் படும்.

சென்ற மாரியில் என்னிடம் ஒரு விற்ஸ் வந்தது. கொண்டு வந்த பையனும் கேபிள் என்றுதான் சொன்னான். சில்லைச் சுற்றிக்கொண்டு வர, ஓர் இடத்தில் என் கை அப்படியே பள்ளத்துக்குள் இறங்கியது. நாலு விரல் அகலம். பூ முழுதாகப் போய், அடியில் கம்பி மயிர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அந்த ரயரோடு அவன் ஏ9 வீதி வழியாக வவுனியாவுக்குப் போய்த் திரும்பியிருந்தான், பின் சீற்றில் தாயையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு. எனக்கு வயிற்றுக்குள் பிசைந்தது. கம்பி தெரிந்த ரயர் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, பிறேக்குக்கு ஒன்றும் ஆகாதா? இதில் ஒரு விசயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சில்லு முழுதாக இறுகிய பிறகு பிறேக் தேய்வதில்லை. சில்லோடு சேர்ந்த இரும்புக் கிண்ணமான டிறம் சுற்றினால்தானே உள்ளே இருக்கும் லைனர் என்ற பிறேக் பட்டை அதோடு உரசும்? இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது உரசல் முழுக்க ரயருக்கும் நிலத்துக்கும் இடையில். ஆகவே, சட்டென்று இழுத்து சட்டென்று விடுகிறவனின் லைனர் பெரிதாகத் தேயாது. அரைகுறையாக இழுத்து, சில்லு இறுகியும் இறுகாமலும் நீண்ட தூரம் ஓடுகிறவனின் லைனர்தான் சூடேறிக் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போகும். மினுங்கிய லைனர் பிடிக்காது. அந்தக் கார் சரிவில் ஹான்ட் பிறேக்கில் நிற்காது.

தேய்வு குறைவு என்றாலும் அடி இருக்கிறது. லைனரை, அதைத் தாங்கும் வளைந்த இரும்பான சூவில் ஒட்டியிருப்பது பசை. கார் பழசு, லைனரும் பழசு என்றால் சட்டென்று இறுகும் அந்த அடியில் பசை விடலாம். மேலே சொன்ன விற்ஸின் இடப்பக்க டிறத்தைத் தட்டிக் கழற்றியபோது லைனர் ஒன்று பிறை நிலா மாதிரித் தனியாகக் கழன்று விழுந்தது, கூடவே மிளகாய்த் தூள் போல ஒரு பிடி துருவும். சூ வெறும் இரும்பாக நின்றது. இப்படிக் கழன்ற துண்டு டிறத்துக்குள் சிக்கினால், நாம் கையே வைக்காத நேரத்தில் சில்லு இறுகும்.

இப்போது கேபிளுக்கு வருவோம். கேபிள் என்பது உறைக்குள் ஓடும் முறுக்கிய கம்பி. கார் நிற்கும்போது ஒருமுறை இழுத்து வைப்பதற்குச் செய்யப்பட்டது. ஒரு பின்னேரத்தில் முப்பது தரம் முழுப் பலத்தோடு வெட்டி இழுத்தால் கொஞ்சம் நீளும், கொளுக்கிப் பக்கத்தில் இழை இழையாக விடத் தொடங்கும். அதைவிடக் கெட்டது, இரண்டு பக்கமும் ஒரே அளவு நீளாதது. அப்போது ஒரு சில்லு முதலில் இறுகும், மற்றது பிந்தும். நீங்கள் நினைத்த பக்கம் கார் திரும்பாது.

நம் ஊரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினம் போய்வரும் கார்களையும், காங்கேசன்துறை, பருத்தித்துறைக் கரையோரம் நிற்கும் கார்களையும் கழற்றினால் எனக்குப் பார்த்தவுடன் விளங்கும். உறையில் ஒரு சின்ன வெடிப்பு விட்டால் போதும், உள்ளே ஈரம் போய்த் துருப்பிடித்துக் கேபிள் இறுகிவிடும். இழுத்தால் போகும், விட்டால் திரும்பி வராது. ஹான்ட் பிறேக்கை விட்டுவிட்டோம் என்று நினைத்து ஓடிக்கொண்டிருப்போம், டிறம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நிறுத்தி, இரண்டு பின் சில்லுகளுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கக் கேபிளோ சூவோ விடவில்லை என்று அர்த்தம்.

லீவரின் நுனியில் இருக்கும் பொத்தானையும் சொல்ல வேண்டும். அதை அமத்தாமல் இழுத்தால் "கிறிக் கிறிக்" என்று பல்லில் ஏறும். வேகமாக இழுக்கும்போது பல் முனைகள் மழுங்கும். மழுங்கிய பல் ஒரு நாள் வீட்டுப் படலையடியில் நிறுத்திய காரை விட்டுவிடும். அப்புறம், பல்லில் ஏறிய ஹான்ட் பிறேக் கார் வழுக்கிக்கொண்டிருக்கும்போது உடனே கீழே வராது. விட வேண்டிய அரைச் செக்கனில் விட முடியாமல்தான் பல பேர் மதிலில் கொண்டுபோய் அடிக்கிறார்கள்.

பெயாரிங்கும் பின்பக்க ரப்பர் புஷ்ஷும் அடிபடுவது வழுக்கல் முடிகிற இடத்தில். வழுக்கும்வரை பக்கவாட்டுச் சுமை அவ்வளவு இல்லை. வழுக்கிக்கொண்டு வந்த ரயர் சட்டென்று நிலத்தைப் பிடிக்கும் பாருங்கள், அப்போதுதான் காரின் பின்பாரம் முழுக்க ஓர் உதையாக இறங்கும். உங்களுடைய காணி பாதி மண், பாதி தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பயம். மண்ணில் லேசாக வழுக்கி வந்த கார் தார் விளிம்பில் ஏறும்போது, ரயரை யாரோ கையால் பிடித்த மாதிரி இருக்கும். அந்த உதை பெயாரிங்குக்குள் இருக்கும் குண்டுகளை அவை ஓடும் பாதையில் குத்தி, சின்னச் சின்னப் பள்ளம் போடும். இறுகிய சில்லின் பெயாரிங் சுற்றாது என்பதால் அடியெல்லாம் ஒரே இடத்தில் விழும். இரண்டு மூன்று மாதம் போக, மெல்ல இரையத் தொடங்கும். காலை வேளையில் வெறுமையான நேர்ரோட்டில் மெதுவாக இடம் வலமாகக் காரை அசைத்துப் பாருங்கள். வலம் திருப்பும்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பெயாரிங், இடம் திருப்பும்போது கூடினால் வலப்பக்கம்.

சுவிஃப்ற், விற்ஸ் போன்றவற்றின் பின்பக்கம் இரண்டு சில்லையும் ஒரே பீம் இணைக்கிறது. அதன் இரண்டு முன் முனையிலும் ஒவ்வொரு ரப்பர் புஷ். புஷ் கிழிந்தால் பள்ளத்தில் "தொம்" என்று சத்தம் வரும், வளைவில் பின்பக்கம் ஒரு கணம் பிந்தித் திரும்புவது போல இருக்கும். புஷ்ஷை மாற்றலாம். ஆனால் வழுக்கிய கார் கல்லிலோ மதகுக் கட்டிலோ சில்லை இடித்துப் பீம் வளைந்தால், முன் சில்லை அலைன்மென்ட் செய்வது போல அதைத் திருத்த இந்தக் கார்களில் இடம் வைக்கவில்லை. பழைய பீம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றுவதுதான் வழி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் எல்லோரும் இருக்கிற காரைத்தான் ஒட்டி ஒட்டி ஓடினோம். கழற்றி விற்கும் பின் பீம் ஒன்று வளையாமல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடி அலைந்தவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் கிளச் கேள்வி நல்ல கேள்வி. முன் சில்லு இழுக்கிற காரில் பின் சில்லு இறுகினால் எஞ்சின் உடனே நிற்காது, ஏனென்றால் எஞ்சின் பூட்டியிருப்பது உருண்டுகொண்டிருக்கும் முன் சில்லோடு. அதனால் மிதிக்கத் தேவையில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் கார் முழுதாகத் திரும்பிப் பின்னோக்கி உருளத் தொடங்கினால், முதலாம் கியரிலோ இரண்டாம் கியரிலோ பூட்டியிருக்கும் எஞ்சினை முன் சில்லு எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், முன் சில்லுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் ட்றைவ் சாஃப்ற் எல்லாம் அந்த முறுக்கை வாங்கும். ஆகவே மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டு, சுழன்று முடிந்ததும் எஞ்சினை அலறவிட்டுக் கிளச்சைத் தட்டென்று விடுவது மிதிக்காததைவிடக் கெட்டது. ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பியிருக்கும்போது முன் ட்றைவ் சாஃப்ற்றின் வெளி ஜொயின்ற் அதன் கடைசிக் கோணத்தில் நிற்கும். அந்த நேரத்தில் முழுப் பலத்தையும் கொடுத்தால் அதன் குண்டுகள் பாதையைக் கடிக்கும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் "டக் டக் டக்". ஜொயின்ற்றை மூடியிருக்கும் ரப்பர் பூட்ஸ் கிழிந்திருந்தால் நம்முடைய செம்மண் புழுதி கிறீஸோடு சேர்ந்து அரைக்கிற மா மாதிரி ஆகி, கொஞ்ச நாளிலேயே அதைத் தின்றுவிடும்.

ஓட்டோ கியர் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: தயவு செய்து உங்களுடைய காரில் இதை முயல வேண்டாம். விற்ஸ் போன்ற சீ.வீ.ரி. கியரில் உள்ளே ஓர் இரும்புப் பட்டி இரண்டு கப்பிகளுக்கு இடையில் இறுக்கிப் பிடிபட்டு ஓடுகிறது. முன் சில்லு மணலில் வெறுமனே சுழன்று, சட்டென்று தாரில் பிடித்தால், அந்த அதிர்ச்சியில் பட்டி வழுக்கிக் கப்பியில் கீறல் விழும். கேபிளும் ரயரும் சேர்த்துக் கொடுக்கும் காசைப் போலப் பல மடங்கு அங்கே போய்விடும். ஹைபிரிட் வகன் ஆரில் பார்க்கிங் பிறேக் காலால் மிதிப்பது. வேண்டிய கணத்தில் விடவே முடியாது, காரும் உயரம். ஹொண்டா வெசல் மாதிரிப் பொத்தானில் வேலை செய்யும் கார்களில், ஓடும்போது பொத்தானை இழுத்தால் கணினி காரை ஒழுங்காக நிறுத்தப் பார்க்கும், சுழற்றாது.

முன் சில்லு இழுக்கிற காரால் பெரிய ஓட்டம் ஓட முடியாது என்று நான் சொல்லவில்லை. மொன்ரே கார்லோ ராலியை 1962இலும் 1963இலும் வென்ற சுவீடன்காரர் எரிக் கார்ல்சனின் சாப் கார் முன் சில்லு இழுப்பதுதான். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்ற மினியும் அப்படித்தான். அந்தக் காலத்து ஸ்கண்டிநேவிய ஓட்டுநர்கள் வலக்காலை அக்சிலேற்றரில் வைத்துக்கொண்டே இடக்காலால் பிறேக்கைத் தொட்டுப் பின்பக்கத்தை லேசாக்கித் திருப்பினார்கள். இன்றைய ராலிக் கார்களில் ஹான்ட் பிறேக்குக்கென்று தனி ஹைட்ரோலிக் சிலிண்டர் வைக்கிறார்கள், கம்பிக் கேபிள் அல்ல. பயிற்சியோடு செய்தால் இது உண்மையான கலை. நானும் இளமையில் ஆசைப்பட்டவன்தான், அதனால் உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுதைத் தீர்மானிப்பதில் பாதி அது. ரோட்டில் வேண்டவே வேண்டாம். நம் ரோட்டோரம் தார் முடியும் இடத்தில் மணலோ செம்மண்ணோ, அதற்கு அடுத்தது வாய்க்கால் அல்லது பனை. பக்கவாட்டில் வழுக்கிவரும் கார் மெல்லிய மண்ணில் சில்லைப் புதைத்தால் அப்படியே குப்புறப் புரளும். கடனீரேரிக் கரையில் காய்ந்து வெளித்த தரவையைப் பார்த்து ஏமாற வேண்டாம், மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. பார்க்க வரும் நண்பர்களை வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்க விடாதீர்கள். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஒழுங்குபடுத்திய பந்தயத் திடலிலேயே அது நடந்தது. ஈரமான, ஒரே சீரான, விசாலமான தரையில் ரயர் தேய்வும் குறைவு, உதையும் குறைவு. தரை பாதி ஈரம், பாதி காய்ந்தது என்றால் நான் சொன்ன தார் விளிம்புக் கதைதான்.

இனி உங்கள் சுவிஃப்ற். நாளைக்குக் காலையில் பொத்தானை அமத்தாமல் லீவரை மெதுவாக இழுத்துக் கிளிக்கை எண்ணுங்கள். பெரும்பாலான கார்களில் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் இறுக வேண்டும். அதற்குள் இறுகினால் கேபிள் இப்போதைக்கு இருக்கட்டும். பதினொன்று பன்னிரண்டு என்று ஏறினால், லீவரடி நட்டை முறுக்கிச் சமாளிக்க வேண்டாம். முதலில் டிறம்மைக் கழற்றி லைனரைப் பார்த்து, சூவை அட்ஜஸ்ட் செய்த பிறகுதான் கேபிள். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். ரயரில் தட்டை இருந்தால் அதையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். பாவித்த ஜப்பான் ரயர் வாங்குவதானால் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருடப் பழசை எடுக்காதீர்கள்.

அதுவரை அந்தக் காரில் அப்பாவை ஏ9இல் அனுப்ப வேண்டாம். பின் ரயரில் கம்பி தெரிந்தால், கராஜுக்கும் அதில் ஓடிக்கொண்டு போகாமல் ஸ்பெயார் சில்லைப் பூட்டிக்கொண்டு மெதுவாகப் போங்கள். இரண்டு ரயரிலும் கம்பி தெரிந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு, சில்லு இரண்டையும் கழற்றி ஓட்டோவில் ரயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.